இரண்டுக்கு இரண்டு என்பது பெயர்

ஹாலின் நீளம் 20 அடி, அகலம் 12 அடி. சுவர்ப் பூச்சு காய்ந்த பிறகு மனைவியை ஒரு முனையில் டேப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நானே இரண்டு தடவை அளந்து, சுவரிலேயே பென்சிலால் எழுதிவைத்த அளவு. தரைக்குத் தேர்ந்தெடுத்த டைல்ஸ் இரண்டுக்கு இரண்டு. இருபதுக்குப் பத்து, பன்னிரண்டுக்கு ஆறு, பத்தாறு அறுபது. பெட்டிக்கு நான்கு என்றால் பதினைந்து பெட்டி. உடைந்துகிடைந்து போனால் ஆகும் என்று ஒன்று கூட்டிப் பதினாறு கேட்டேன். இருபதாக எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றார் கடைக்காரர். அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்தே சம்பளம் வாங்குகிறவன் நான். என்னிடமே நான்கு பெட்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறாரே என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டு, பதினாறுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

டைல்ஸ் ஒட்ட வந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கலவை குழைப்பதற்கு முன் ஒரு வரிசையை வெறும் தரையில் அடுக்கிப் பார்ப்பது இவர்கள் வழக்கம். பத்துக் கல்லையும் இடையில் இரண்டு எம்.எம். பிளாஸ்டிக் துண்டு வைத்து அடுக்கிக்கொண்டே போனார். பத்தாவது கல் சுவரைத் தொடவில்லை. நான்கு விரல் அகலத்துக்கு வெறுந்தரை பல்லைக் காட்டியது.

முதலில் அவர் அடுக்கியது தவறு என்று நினைத்தேன். பிறகு என் அளவு தவறோ என்று சந்தேகப்பட்டு மறுபடி அளந்தேன். 20 அடி, மயிரிழை பிசகவில்லை. “இரண்டுக்கு இரண்டு பத்து வைத்தால் இருபது வர வேண்டாமா தம்பி?” என்று கேட்டேன். அவர் ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். “இரண்டுக்கு இரண்டு என்பது பெயர் சார். அளவு பெட்டியில் போட்டிருக்கிறது.”

பெட்டியில் 600 × 600 எம்.எம். என்று கொட்டை எழுத்தில்தான் அச்சிட்டிருந்தது. கல்லின் மேல் டேப்பை வைத்தேன். 23 இஞ்ச், ஐந்து நூல். நூல் என்பது கொத்தனாரும் தச்சரும் இஞ்சை எட்டாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு. இரண்டு அடி என்றால் 24 இஞ்ச் இருக்க வேண்டும். கல்லுக்கு மூன்று நூல் குறைகிறது. பத்துக் கல்லுக்கு முப்பது நூல், அதாவது மூன்றே முக்கால் இஞ்ச். இடைவெளித் துண்டுகள் அதில் முக்கால் இஞ்சைத் தின்றுவிட்டதால் சுவரோரம் எஞ்சியது மூன்று இஞ்ச்.

சரி, மூன்று இஞ்சுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துவிட்டால் போகிறது என்றேன். தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சுவரோரம் ரிப்பன் மாதிரி துண்டு ஓடினால் வீட்டுக்கு வருகிறவர்கள் திட்டப்போவது தன்னைத்தான் என்றார். அறையின் நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு ஓரத்திலும் ஒரே அகலத்தில் வெட்டுக் கல் வர வேண்டுமாம். கணக்கை அவரே சுவரில் போட்டார், எம்.எம்.இல். நீளத்தில் ஒன்பது முழுக்கல், இரு முனையிலும் 338 எம்.எம். வெட்டுக்கல். ஒரு கல்லில் ஒரு வெட்டுத்தான் தேறும் என்பதால் வரிசைக்குப் பதினொன்று. அகலத்தில் இதே மாதிரி ஏழு வரிசை. பதினோரேழு எழுபத்தேழு. என்னிடம் இருந்தது அறுபத்து நான்கு. இன்னும் நான்கு பெட்டி வேண்டும். ஆக மொத்தம் இருபது. கடைக்காரர் சொன்ன அதே இருபது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் பெரிதாகப் போய்விடவில்லை. என்னை உறுத்தியது வேறு. அடியும் இஞ்சும் ஒரு கட்சி, மீட்டரும் சென்டிமீட்டரும் ஒரு கட்சி, இரண்டுக்கும் நடுவில் நாம் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம் என்றுதான் பள்ளி நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதில் சிக்கலே கிடையாது. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறும் சேர்ந்து ஓர் இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டன. அதற்குமுன் அமெரிக்க இஞ்சும் பிரிட்டிஷ் இஞ்சும் ஆறாவது தசம இடத்தில் முறைத்துக்கொண்டிருந்தன. இப்போது இஞ்சுக்கென்று தனிக்கோல் கிடையாது. மீட்டரின் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெருக்கினால் வந்துவிடும். இரண்டு அடி 609.6 மில்லிமீட்டர்.

இந்த 609.6ஐத் தொழிற்சாலைக்காரர் யாரும் விரும்புவதில்லை. கூட்டவும் வகுக்கவும் தோதாக 600 என்று வெட்டுகிறார். பெயர் மட்டும் பழைய பெயர். அடி போன பிறகும் அடியின் பெயர் ஊரில் நடமாடுகிறது. அந்தப் பெயரை அளவென்று நம்பினவன் சுவரோரம் நான்கு விரல் வெறுந்தரையோடு நிற்கிறான்.

தெரிந்த பிறகு வீட்டு வேலையில் தொட்டதெல்லாம் இப்படித்தான் இருந்தது. கம்பிக் கடையில் “நாற்பது அடிக் கம்பி” என்கிறார்கள். வருவது 12 மீட்டர். 39 அடி நாலரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு கம்பியிலும் ஏழரை இஞ்ச் பெயரளவில் மட்டும் இருக்கிறது. பிளைவுட் பலகையோ இன்னும் வேடிக்கை. “எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்.எம்.” என்று ஒரே மூச்சில் சொல்கிறார் தச்சர். நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில். ஒரே பலகை, படுத்தால் ஆங்கிலேயன், பக்கவாட்டில் பார்த்தால் பிரெஞ்சுக்காரன். சொல்லும்போது அவருக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை, கேட்கும் எனக்குத்தான். வாசலில் நிற்கும் காரின் டயரைக் குனிந்து பார்த்தேன். 185/65 ஆர் 15. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். நடு எண் அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் உள்வட்டத்தின் விட்டம், இஞ்சில். ஒரே வரியில் மூன்று மொழி. எந்த மெக்கானிக்கும் இதைப் படித்துத் தடுமாறி நான் பார்த்ததில்லை.

அரை இஞ்ச் பைப்பில்தான் எனக்கு வாய் அடைத்துப்போனது. இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து அரை இஞ்ச் எங்கே இருக்கிறது என்று தேடினேன். வெளி விட்டம் 21 மில்லிமீட்டருக்கு மேல். உள் விட்டம் ஏறத்தாழ 16. அரை இஞ்ச் என்றால் 12.7. அந்தக் குழாயில் 12.7 எங்கேயுமே இல்லை. ஒரு காலத்தில் துளையின் அளவை வைத்து வந்த பெயர். பிறகு உலோகம் நன்றாகி, சுவர் மெலிந்து, துளை பெருத்தது. மரை பொருந்த வேண்டுமே என்று வெளி விட்டத்தை யாரும் தொடவில்லை. மெட்ரிக் நாடுகளில்கூடக் குழாய் மரை இன்னும் இஞ்சுக்கு இத்தனை என்ற கணக்கில்தான் ஓடுகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகன் ஆசையாக ஒரு ஷவர் கொண்டுவந்திருந்தான். அதுவும் அரை இஞ்ச்தான், அதிலும் இஞ்சுக்குப் பதினான்கு மரைதான். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரையின் கோணம் 60. நான்கு சுற்று நன்றாக ஏறி, அதன்பின் இறுகி, தண்ணீரைத் திறந்ததும் கழுத்து வழியாக ஒழுகியது. பிளம்பர் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றிச் சமாளித்தார். இஞ்ச் கட்சிக்குள்ளேயே இரண்டு கோஷ்டி. காலனும் அப்படித்தான்: பிரிட்டிஷ் காலன் நாலரை லிட்டருக்குச் சற்று மேல், அமெரிக்கக் காலன் 3.8 லிட்டருக்குச் சற்றுக் கீழ். மைலேஜ் பெருமை பேசுகிற அமெரிக்க உறவினர்களிடம் எந்தக் காலன் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்பா இருந்திருந்தால் இதையெல்லாம் ரசித்திருப்பார். அவர் பள்ளியில் படித்தது அணா, பைசா, வீசை, சேர். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கிலோ வரத் தொடங்கியது. 1962 ஏப்ரலுக்குள் கடைத்தெருவில் பழைய எடைக்கல் சட்டவிரோதமாகிவிட்டது. நான்கே ஆண்டுகள். இன்று வீசை என்றால் எத்தனை கிலோ என்று எங்கள் தெருவில் கேட்டால் சொல்ல ஆள் இல்லை (ஏறத்தாழ 1.4 கிலோ). எடையில் இவ்வளவு வேகமாக நடந்த மாற்றம் வீட்டு வேலையில் மட்டும் அறுபது ஆண்டுகளாகியும் ஏன் பாதியில் நிற்கிறது?

எனக்குத் தோன்றுவது இது. காலையில் வாங்கிய கத்தரிக்காய் மாலைக்குள் குழம்பாகிவிடுகிறது. நாளைக்கு வாங்கும் கத்தரிக்காய் இன்றைய கத்தரிக்காயோடு பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. சுவர் அப்படியா? எங்கள் வீட்டின் கீழ்த்தளம் அப்பா கட்டியது. ஒன்பது இஞ்ச் சுவர், ஏழுக்கு மூன்று கதவு. மேலே நான் எழுப்பும் சுவர் அதன்மேல்தான் உட்கார வேண்டும். 190 × 90 × 90 மில்லிமீட்டர் செங்கல் என்று இந்தியத் தர நிர்ணயம் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்துச் சூளையில் அதைக் கேட்டேன். இருபது மாடி கட்டப்போகிறீர்களா என்று கேட்டார்கள். அவர்களிடம் இருப்பது ஒன்பது, நாலரை, மூன்று. பழைய வீடுகள் நிற்கும்வரை அந்த அச்சுக்கு வேலை இருக்கிறது.

வீட்டில் அளவே தேவைப்படாமல் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா இன்றைக்கும் அரிசியை ஆழாக்கில் அளக்கிறார். அந்த ஆழாக்கு பாத்திரம் எத்தனை மில்லி லிட்டர் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதே பாத்திரத்தால் ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், அவ்வளவுதான். கொத்தனார் மேஸ்திரியும் அதே வழி. காங்கிரீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று சட்டியால் அளந்து போடுகிறார். எந்தச் சட்டியாக இருந்தாலும் சரி, மூன்றுக்கும் ஒரே சட்டியாக இருக்க வேண்டும். இவர்கள் இருவரையும் எந்த அளவுச் சட்டமும் ஒன்றும் செய்ய முடியாது. தகராறு வருவது ஒருவர் பாத்திரத்தால் அளந்ததை இன்னொருவர் தன் பாத்திரத்தால் கொட்டும்போதுதான். டைல்ஸ் தொழிற்சாலைக்கும் குழப்பம் இல்லை, கொத்தனாருக்கும் இல்லை. ஒருவர் மில்லிமீட்டரில் சுட்டார், மற்றவர் அடியில் சுவர் எழுப்பினார். இரண்டும் முட்டிக்கொண்ட இடம் என் ஹால்.

இதே போல முட்டிக்கொண்ட இன்னோர் இடம் எங்கள் பட்டா. கடன் விண்ணப்பத்துக்காக அதை எடுத்த அன்று ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தவர் முகம் மாறியது. “அண்ணன் வாங்கியது ஐந்தரை சென்ட். எனக்குத் தெரியும், பத்திரம் எழுதும்போது கூடவே இருந்தேன். இதில் இரண்டேகால்கூட இல்லையேடா. மீதி மூன்றேகாலை எவன் தின்றான்?” என்றார். பக்கத்து மனைக்காரர் வீட்டு மதிலை ஒரு பார்வை வேறு பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசலுக்குப் போயிருப்பார்.

பட்டாவில் இருந்தது 0 - 02.22. மேலே பரப்பு என்று போட்டு, ஹெக் - ஏர் (ஹெக்டேர், ஏர்) என்று பொடி எழுத்தில். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 2.471. இரண்டையும் பெருக்கினால் 5.486 சென்ட் வருகிறது. ஐந்தரைக்கும் அதற்கும் வித்தியாசம் ஆறு சதுர அடி. துணி துவைக்கும் கல் போடுகிற இடம். மாற்றும்போது தசமத்துக்குப் பின்னால் வெட்டியதில் உதிர்ந்தது. சித்தப்பாவிடம் மூன்று தடவை போட்டுக் காட்டினேன். மூன்றேகால் சென்ட் போகவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி. ஆனால் அந்த ஆறு சதுர அடியை விடச் சம்மதமில்லை. “அது யாரிடம் இருக்கிறது?” என்று சாப்பிடும்போதும் கேட்டார்.

ஒரே மனைதான். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர், வரைபட அனுமதியில் சதுர மீட்டர், கட்டட ஒப்பந்தத்தில் சதுர அடி. சென்னையில் இருக்கும் மைத்துனர் எத்தனை கிரவுண்டு என்று கேட்கிறார். 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு என்பதால் அவருக்கு “ஒரு கிரவுண்டுக்கு நாலு அடி குறைச்சல்” என்று பதில். கனடாவில் குடியேறிய யாழ்ப்பாணத்து நண்பருக்குப் பரப்பில் சொன்னால்தான் மனதில் பதிகிறது. அங்கே பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். “ஒரு பரப்புக்கூட இல்லையே, இதிலா மாடி வீடு?” என்று சிரித்தார்.

சென்ட் என்று நாம் சொல்வதன் வேர் ஓர் இரும்புச் சங்கிலியில் இருக்கிறது. 1620இல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிலம் அளக்க 66 அடி நீளத்தில் ஒரு சங்கிலியை வகுத்தார். அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆக ஏக்கர் என்றால் ஒரு லட்சம் சதுரக் கண்ணி, சென்ட் என்றால் ஆயிரம் சதுரக் கண்ணி. மெட்ரிக் முறை பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே, அடியையும் கஜத்தையும் வைத்துக்கொண்டே ஒருவர் பத்தும் நூறுமாகக் கணக்குப் போட்டுவிட்டார். நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் அளவுகள் கண்ணியில்தான் இருக்கும், புதியவற்றில் மீட்டர். எது பழையது, எது புதியது என்று பார்க்காமல் வேலி போட்டவர்கள் கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்த 66 அடிச் சங்கிலியைப் பார்க்காதவர்கள் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனால் போதும். ஒரு ஸ்டம்பிலிருந்து மறு ஸ்டம்புக்கு 22 கஜம், சரியாக ஒரு சங்கிலி.

கிரிக்கெட் என்றதும் ஒன்று. நம் தமிழ் நாளிதழ்களில் கோடை வந்தால் “பத்து இடங்களில் வெயில் சதம்” என்று தலைப்பு வரும். அந்தச் சதம் பாரன்ஹீட். செல்சியஸில் 37.8. குளிரைச் செல்சியஸில் எழுதுகிற அதே பத்திரிகை, வெயிலுக்கு மட்டும் மட்டையைத் தூக்கிக்கொண்டு பாரன்ஹீட்டுக்கு ஓடுகிறது. செல்சியஸில் சதமடித்தால் தண்ணீர் கொதித்துவிடுமே, என்ன செய்வது. வீட்டிலும் குழந்தைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு, வெளியே வெயில் நாற்பது என்று ஒரே வாக்கியத்தில் பேசுகிறோம். யாரும் எதையும் தவறாகப் புரிந்துகொண்டதில்லை. காய்ச்சலும் வெயிலும் ஒரு கணக்குத் தாளில் சந்திப்பதில்லை, அதனால் பிழைத்தோம்.

கனடாவில் ஒரு நாள் இரண்டு அலகுகள் அப்படி ஒரே தாளில் சந்தித்தன. எங்கள் நண்பர் அங்கே போவதற்கு முன் நடந்தது. இப்போதும் அவர் ஊரில் பேசுகிறார்களாம். எழுபதுகளில் கனடா மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கியது. 1983இல் ஏர் கனடாவிடம் புதிதாக வந்திருந்த போயிங் 767 விமானங்களில் எரிபொருள் கணக்கு கிலோவில். அவர்களிடம் இருந்த பழைய விமானங்களிலெல்லாம் பவுண்டில். ஜூலை 23 அன்று மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டிய 143ஆம் எண் விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி பழுது. அளவுகோலால் தொட்டியை அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ.

லிட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77ஆல். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். பழைய விமானங்களுக்கு வழக்கமாகப் போட்டுவந்த எண். காகிதத்தில் அலகு இல்லை, 1.77 என்று மட்டும் இருந்தது. 7,682ஐ அதனால் பெருக்கினால் 13,597. இன்னும் எட்டாயிரத்து எழுநூறு சொச்சம் போதும் என்று கணக்கு வந்தது. அதை மறுபடி 1.77ஆல் வகுத்து 4,900 லிட்டர் சொச்சம் ஊற்றினார்கள். ஊற்றியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கு மேல். விமானத்தின் கணினியில் 22,300 என்று பதிந்தார்கள். எண் சரிதான். தொட்டியில் இருந்ததும் 22,300தான், பவுண்டில். கணக்குத் தணிக்கையாளனாக இந்த இடத்தில் எனக்கு வயிறு கலங்கும். ஒட்டாவாவில் மறுபடி சரிபார்த்தார்கள், அதே 1.77ஆல் சரிபார்த்தார்கள், சரியாக வந்தது. தப்பான வாய்பாட்டை எத்தனை பேர் ஒப்பித்தாலும் ஒரே விடைதானே வரும்.

41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, சிறிது நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றன. 69 உயிர்கள். தலைமை விமானி பாப் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்தது. துணை விமானி மாரிஸ் குவின்டலுக்கு அருகில் கிம்லி என்ற ஊரில், தான் முன்பு பணியாற்றிய விமானப்படைத் தளம் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அது மூடப்பட்டு, ஓடுபாதை கார் பந்தயத் திடலாகிவிட்டது அவருக்குத் தெரியாது. அன்று அங்கே பந்தயக்காரர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். சத்தமே இல்லாமல் ஒரு பெரிய விமானம் அவர்களை நோக்கி இறங்கியது. முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் தேய்ந்து நின்றது. யாரும் சாகவில்லை, விமானமும் பழுதுபார்க்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் பறந்தது.

பதினாறு ஆண்டு கழித்து, 1999 செப்டம்பரில், நாசாவின் செவ்வாய்ச் சுற்றுகலன் இதேபோல ஒருவர் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் தந்ததை மற்றவர் மெட்ரிக் அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதில் தொலைந்தது. அங்கே தரையிறக்கப் பியர்சன் இல்லை.

இவ்வளவு படித்த பிறகு என் கட்சி எது என்று மனைவி கேட்டாள். எனக்கு அடியோடும் சண்டை இல்லை, மீட்டரோடும் இல்லை. நான்கு பேர் நிற்கிற வாசலை அடியில் சொன்னால்தான் என் மனக்கண்ணில் தெரிகிறது. மருந்தை மில்லி லிட்டரில் தவிர வேறெதிலும் அளக்க நான் சம்மதிக்கமாட்டேன். பவுனையே பாருங்கள். பிரிட்டிஷ் சவரன் காசின் எடை 7.988 கிராம். நாம் எட்டு என்று வைத்துக்கொண்டோம். அதுவும் பெயர் ஒன்று, உடம்பு ஒன்றுதான். ஆனால் நகைக்கடைக்காரருக்கும் பெண்ணைப் பெற்றவருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பவுன் என்றால் எட்டு கிராம் என்பது ஒன்றுபோலத் தெரியும். கூடத்தில் எத்தனை பஞ்சாயத்து நடந்தாலும் அந்த எட்டில் மட்டும் பஞ்சாயத்து வந்ததில்லை. என் புகாரெல்லாம், எல்லாருக்கும் தெரிந்ததை எனக்கு மட்டும் சொல்லாமல் விடும் பெயர்களின் மேல்தான். சொன்னார்கள், நான் கேட்கவில்லை என்று மனைவி திருத்தினாள். இருபது பெட்டி என்று கடைக்காரர் சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள்.

மறுபடி கடைக்குப் போய் நான்கு பெட்டி வாங்கிவந்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். வீட்டில் பிரித்துப் பார்த்தால் நிறத்தில் ஒரு சாயல் பேதம். ஒரே பெயர், ஒரே எண், ஆனால் வேறு நாளில் சுட்ட சரக்கு. டைல்ஸ் தம்பி இதற்கும் அசரவில்லை. புதிய கற்களில் பதின்மூன்றுதான் தேவை. மூலையிலிருந்து சுவரோரமாக நான்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டு, டிவி மேசைக்கு அடியில் ஐந்து என்று பிரித்துவிட்டார். அந்த எட்டும் சேர்ந்து ஏழடிக்கு விரல்கனம்தான் கூடுதல். மேலே ஏழடி சோபாவைப் போட்டு மூடிவிடுங்கள் சார், தெரியாது என்றார்.

ஏழடி சோபாவுக்குச் சொல்லிவைத்தோம். வந்தது, 210 சென்டிமீட்டர். சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாயும்போது சோபாவின் வலது கைக்கு அருகில் ஒன்றேமுக்கால் இஞ்ச் அகலத்துக்கு வேறு நிறம் தெரிகிறது. சித்தப்பா போன வாரம் வந்தபோது அங்கேயே உட்கார்ந்து, குனிந்து, இது என்னடா என்று கேட்டார்.